திறந்த பலகையும் கவிழ்த்த சீட்டும்

2022 ஆகஸ்ட் 8. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாடின் பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணிக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் மோதல். முதல் பலகையில் டி. குகேஷ், வயது 16. முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக வென்றவர். இரண்டு நாள் முன்புதான் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவை வீழ்த்தியிருந்தார். எதிரே நோதிர்பெக் அப்துசத்தோரோவ். குகேஷின் கை ஓங்கியிருந்தது. டிராவோடு நிறுத்தாமல் வெற்றிக்கே ஆடினார். கடிகாரத்தில் நேரம் கரைய, ஒரு நகர்த்தல் தப்பிப்போய் ஆட்டம் கைமாறியது. அணித் தோழர் பிரக்ஞானந்தா தன் பலகையில் வென்றதால் கணக்கு 2–2 ஆனது. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நம் பிள்ளைகளுக்கு வெண்கலம்.

எங்கள் ஊரான சதுரங்கப்பட்டினத்திலிருந்து பூஞ்சேரிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அன்றிரவு என்னிடம் செஸ் கற்கும் பிள்ளைகள் நாலு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து அடுக்கினார்கள். ஒருத்தி செல்போனைப் பார்த்து நகர்த்தலைப் படிக்க, மற்றவர்கள் காயை வைத்தார்கள். தப்பு நடந்த இடத்துக்கு வந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்றார்கள். கண்ணில் நீர் வந்த பையனும் இருந்தான். ஆனால் தப்பு எங்கே என்று நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அதே திண்ணையில் 2020 ஊரடங்கின்போது நான் தனியாக உட்கார்ந்து ஒரு ஆட்டத்தில் தோற்றேன். அது செல்போனில் ஆடிய போக்கர். அந்தத் தோல்வியில் என் தப்பு எது, தப்பு இருந்ததா என்பதையே கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கு ஆனது. இந்த இரண்டு தோல்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: நம் நிலை பலமாக இருக்கிறது, எதிரே இருப்பவர் அடித்து ஆடுகிறார், என்ன செய்வது?

போக்கர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு திறந்து விழும்: முதலில் மூன்று, அது ஃபிளாப், பிறகு ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கையில் வந்த இரண்டும் ஒரே எண்ணாகவோ ஒரே படமாகவோ இருந்தால் அது பாக்கெட் பேர், ஜோடி. 17 கைக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஜோடி வரும். குறிப்பிட்ட ஒரு ஜோடி, இரண்டு ஏஸ் என்று வையுங்கள், 221 கைக்கு ஒருமுறை. அவ்வளவு நேரம் காத்திருந்து வரும் சீட்டு என்பதால் அதைக் கீழே போட யாருக்கும் மனசு வராது. அடித்து ஆடுகிறவர் பிழைப்பதே அந்த மனசை வைத்துத்தான்.

அன்று என் கையில் இரண்டு ராஜா. எதிரே இருந்தவர் பத்து கையில் ஏழு கை ஏற்றிக்கொண்டிருந்தார். நம்மூர் மூணு சீட்டில் சீட்டையே பார்க்காமல் பிளைண்டாக ஏற்றிக்கொண்டே போகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பாரே, அந்த ரகம். ஃபிளாப்பில் ஒன்பது, ஆறு, இரண்டு. அவர் கட்டினார், நானும் அதே தொகையைக் கட்டிக் கூடவே போனேன். டர்னில் ஒரு மூன்று. மறுபடி கட்டினார், போனேன். ரிவரில் இன்னொரு மூன்று. நடுவில் 600 ரூபாய் சேர்ந்திருந்தது. அவர் தன்னிடம் மிச்சமிருந்த 600 ரூபாயையும் தள்ளினார். திரையில் பத்து விநாடி ஓடத் தொடங்கியது.

600 கட்டினால் எனக்குக் கிடைக்கக்கூடியது 1,200. மூன்றில் ஒரு தடவை நான் ஜெயித்தால் கட்டியது நஷ்டமில்லை. அப்படியானால் கேள்வி: எந்தெந்தச் சீட்டோடு இவர் இப்படித் தள்ளுவார்?

முதலில், பயந்து ஆடும் ஒருவர் தள்ளுவதாக வைப்போம். அவரிடம் இரண்டு ஒன்பது, அதாவது ஒன்பது ஜோடி, இருக்கலாம். நடுவில் ஒரு ஒன்பது போய்விட்டதால் மிச்சமுள்ள மூன்றில் இரண்டைச் சேர்க்க மூன்று வழி. ஆறு ஜோடிக்கும் இரண்டு ஜோடிக்கும் அதே கணக்கு. மூன்று ஜோடிக்கு ஒரே வழி. ஏஸ் ஜோடிக்கு ஆறு வழி. என்னைத் தோற்கடிக்கும் சீட்டு மொத்தம் 16 வழி. நான் ஜெயிக்கக்கூடியது ராணி ஜோடி மட்டும், ஆறு வழி. 22-ல் 6, சதவீதத்தில் 27. மூன்றில் ஒன்றுக்குக் குறைவு. அப்படிப்பட்டவர் தள்ளினால் ராஜா ஜோடியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டு எழுந்துவிட வேண்டும்.

இப்போது அதே இடத்தில் அடித்து ஆடுகிறவரை உட்கார வைப்போம். அதே 16-ஓடு, ஒரே சின்னத்தில் ஏஸும் மூன்றும் வைத்திருந்து மாட்டிக்கொடுக்கும் இரண்டு வழியையும் சேர்த்தால் 18. ஆனால் அவர் ராணி ஜோடி, ஜாக்கி ஜோடி, பத்து ஜோடி மூன்றோடும் தள்ளுவார், அது 18 வழி. ஒரே சின்னத்தில் ஏஸும் ஒன்பதும், மூன்று வழி. வரிசைக்குக் காத்திருந்து ஏமாந்த, ஒரே சின்னத்து எட்டும் ஏழும், நாலு வழி. நான் ஜெயிப்பது 25. 43-ல் 25, அதாவது 58 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

என் சீட்டு மாறவில்லை, நடுவில் கிடந்த ஐந்தும் மாறவில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பது மட்டும் மாறியது. என் ராஜா ஜோடியின் மதிப்பு 27-லிருந்து 58-க்கு ஏறிவிட்டது. பலகைக்கும் சீட்டுக்கும் உள்ள எல்லா வித்தியாசத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. சதுரங்கத்தில் ஒரு யானை கூடுதலாக இருந்தால் எதிரே குகேஷ் உட்கார்ந்தாலும் என் மாணவி உட்கார்ந்தாலும் அது கூடுதல் யானைதான். யார் நகர்த்தினார் என்று கேட்காமலே அந்த நிலையின் மதிப்பைச் சொல்லிவிடலாம். போக்கரில் ஆளைக் கேட்காமல் சீட்டின் விலையைச் சொல்ல முடியாது.

ஆகவே அடித்து ஆடுகிறவரைச் சமாளிக்கும் வழியும் இரண்டிலும் வேறு வேறு. சதுரங்கத்தில் ஒருவர் குதிரையைப் பலி கொடுத்து நம் ராஜாவின் மேல் பாய்ந்தால், அந்தப் பலி செல்லுமா செல்லாதா என்பதற்குப் பலகையிலேயே பதில் உண்டு. கணக்கிட முடிந்தால் முறியடித்துவிடலாம். போக்கரில் முறியடிப்பது என்ற பேச்சே இல்லை. அவருடைய துணிச்சலுக்கு விலை போட்டு, கட்டுப்படியாகுமா என்று பார்க்கத்தான் முடியும்.

அந்த விலை பல நேரம் பொறுமையாகத்தான் வாங்கப்படுகிறது. தொடக்கத்தில், ஃபிளாப் விழுவதற்கு முன், ஜோடி வைத்திருப்பவர் ஏற்றியாக வேண்டும். கூட்டம் சேர்ந்தால் பெரிய ஜோடிக்குத்தான் ஆபத்து. கண்டபடி வந்த ஒரு கைக்கு எதிராக ஏஸ் ஜோடி 85 சதவீதம் ஜெயிக்கும். எதிரே நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் அது 56-க்கு இறங்கிவிடும். ஜாக்கி ஜோடி என்றால் இன்னும் கவலை: ஃபிளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 57 சதவீதம். ராணிக்கு 41. ராஜாவுக்கு 23-ஐ ஒட்டி. ஆனால் மற்றவர்கள் விலகி, அடித்து ஆடுகிறவர் ஒருவர் மட்டும் எதிரே நின்றுவிட்டால், ஏற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே கட்டவிடுவது நல்லது. நாம் ஏற்றினால் அவருடைய வெற்றுச் சீட்டெல்லாம் ஓடிவிடும், நம்மை ஜெயிக்கும் சீட்டு மட்டும் மிஞ்சும். நாம் சும்மா கூடவே போனால் அவருடைய பொய்யும் கூடவே வரும்.

சதுரங்கத்தில் இதற்கு மிக அருகில் வரும் கதை மிகயில் தாலுடையது. 1960-ல் உலகப் பட்டத்துக்காக மிகயில் போத்வின்னிக்கோடு ஆடி 12½–8½ என்று வென்றார். தாலின் பலிகளில் எல்லாமே சரியானவை அல்ல; பிற்காலத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் பலவற்றில் ஓட்டை கண்டார்கள். ஆனால் கடிகாரம் ஓடும்போது, மண்டபத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, எதிராளியால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சதுரங்கத்தில் பிளஃபுக்கு, பொய்யாக மிரட்டுவதற்கு, இடம் உண்டென்றால் அது பலகையில் இல்லை, கடிகாரத்தில்தான். குகேஷ் அன்று பூஞ்சேரியில் இழந்ததும் கடிகாரத்திடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

போத்வின்னிக் அப்போது என்ன செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். வீட்டுக்குப் போய் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தால் எந்த மாதிரி நிலையில் பயங்கரமானவர், எந்த மாதிரி நிலையில் சாதாரணமானவர் என்று பிரித்தார். 1961-ல் மறு ஆட்டம். இந்த முறை காய்களை மாற்றிக்கொண்டு, ராணிகளை வெளியே அனுப்பி, நீண்ட கடைசிக் கட்டங்களுக்குள் தாலை இழுத்துச் சென்றார். 13–8. அப்போது அவருக்கு வயது 49. ஒரே எதிராளி, ஒரு வருஷ இடைவெளி, முடிவு தலைகீழ். அவருக்கு இது முடிந்ததன் காரணம் எளிது: தோற்ற ஆட்டம் எல்லாம் தாளில் இருந்தது, ஒவ்வொரு தோல்வியும் அதன் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

என் ராஜா ஜோடிக்கு வருகிறேன். 58 சதவீதம் என்று திண்ணையில் அன்று இவ்வளவு நிதானமாகக் கணக்குப் போடவில்லை. உத்தேசமாகத் தோன்றியது, கட்டினேன். அவர் ஆறு ஜோடியைத் திறந்தார். மூன்று ஆறும் இரண்டு மூன்றும், ஃபுல் ஹவுஸ். சரியான முடிவுக்கு அடி விழுந்தது. அந்த அடியிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்: “இவன் தள்ளினால் உண்மையாகவே இருக்கிறது.” அடுத்த வாரம் ராணி ஜோடியோடு அதே மாதிரி ஒரு இடத்தில், அதே திரைப்பெயர்க்காரர் தள்ளினார். சீட்டைப் போட்டுவிட்டு விலகினேன். அவர் வேண்டுமென்றே சீட்டைத் திருப்பிக் காட்டினார்: எட்டும் ஏழும், ஒன்றுமே இல்லை. அதற்கு அடுத்த தடவை கோபத்தில் கட்டினேன். அந்தத் தடவை அவரிடம் இருந்தது. மூன்று கையில் நான் மூன்று வேறு ஆளாக மாறியிருந்தேன். சரியாக ஆடிய ஒரே கை முதலாவது, அதில்தான் பெரிய தொகை போனது.

பிள்ளைகளில் ஒருவன் பிறகு ஒருநாள் கேட்டான்: “சார், அவங்க அடிச்சா நாமளும் திருப்பி அடிக்கணுமா?” அவன் கேட்டது செஸ்ஸைப் பற்றி. “முதல்ல அந்த அடி உண்மையா பாரு, உண்மைன்னா ஒதுங்கு, இல்லன்னா காயை வாங்கிக்கோ” என்றேன். சீட்டாட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது. அடி உண்மையா என்று பார்க்க அங்கே வழி கிடையாது.

எங்கள் ஊர்க் கடலில் நடந்த ஒரு சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். ஹியூஸிடம் ஒன்பது போர்க்கப்பல், சஃப்ரனிடம் அதைவிட அதிகம். சஃப்ரன் அடித்து ஆடுகிறவர். வரிசையாக நின்று சுட்டுக்கொள்ளும் அந்தக் காலத்து வழக்கத்தை விட்டு, ஆங்கிலேய வரிசையின் பின்பகுதியில் படையைக் குவித்துப் பாய்ந்தார். ஹியூஸின் கொடிக்கப்பல் சூப்பர்பும், எக்ஸீட்டர் என்ற கப்பலும் கடுமையாக அடிவாங்கின. ஹியூஸ் கலையாமல் நின்றார். சஃப்ரனின் கப்பல் தலைவர்கள் சிலர் சொன்னபடி முன்னே வரவில்லை. பொழுது சாய்ந்தது, சண்டை முடிந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் இருவரும் ஐந்து முறை மோதியும் ஒரு தரப்பின் போர்க்கப்பலையும் மறு தரப்பால் பிடிக்க முடியவில்லை. ஹியூஸுக்குப் பாய்மரங்களை எண்ணத் தெரிந்திருக்கும். எதிரிக் கப்பல் தலைவர்களின் மனசையும், மாலையில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் எண்ணியிருக்க முடியாது. டச்சுக்காரர் கட்டிய செங்கல் கோட்டையின் சுவர் மேல் நின்று அந்தக் கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹியூஸ்தான் நினைவுக்கு வருவார், வென்ற கதை நிறைய உள்ள சஃப்ரன் அல்ல. பாதி தெரிந்து பாதி தெரியாமல் நின்று தாங்குவது பெரிய காரியம்.

திறமையை எப்படி அளப்பது என்று வரும்போது இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள தூரம் எண்ணிக்கையாகவே தெரிகிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டத்தை வென்றார். எதிராளி டிங் லிரென். 14 ஆட்டம், 7½–6½. கடைசி ஆட்டத்தில் டிரா ஆகியிருக்க வேண்டிய நிலையில் குகேஷ் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். டிங் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். பூஞ்சேரியில் தங்கத்தைப் பறித்த அதே பிடிவாதம் சிங்கப்பூரில் பட்டம் தந்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டு முடிவுகளும் எந்த நகர்த்தலில் திரும்பின என்று பத்து வயதுப் பிள்ளையும் விரல் வைத்துக் காட்டும்.

போக்கரில் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு சோதனை நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள் ஆடி வென்றது. எத்தனை கை தெரியுமா? 1,20,000. அதிலும், ஒரு ஆட்டக்காரருக்குப் போன சீட்டை வேறொரு மேசையில் நிரலுக்குப் போட்டு, அதிர்ஷ்டத்தை இரண்டு பக்கமும் சமன் செய்யும் ஏற்பாடும் இருந்தது. அவ்வளவு செய்த பிறகுதான் நிரல் உண்மையிலேயே சிறந்தது என்று அறிஞர்களால் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.

செல்போனில் ஒரு மேசையில் மணிக்கு சுமார் 70 கை ஓடும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினாலும் 1,20,000 கைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை, நான் நன்றாக ஆடுகிறேனா மோசமாக ஆடுகிறேனா என்று என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இடையில் ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து நடத்துகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார்.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தைப் பற்றி நடந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: திறமையா, அதிர்ஷ்டமா? 2021-ல் கொண்டுவந்த தடையை அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2023-ல் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பர் 9 அன்று அதே நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றும் சொன்னது. 2025 தொடக்கத்தில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற விதி வந்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் முழுவதையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. நிறுவனங்கள் அந்த மேசைகளை மூடின.

போக்கரில் திறமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. மேலே நான் போட்ட 43-ல் 25 என்ற கணக்கு திறமை இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்தத் திறமை ஆடுகிறவருக்கே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. சரியாக ஆடித் தோற்றவனும் தப்பாக ஆடி வென்றவனும் ஒரே மேசையிலிருந்து ஒரே மாதிரி எழுந்து போகிறார்கள். எங்கள் பகுதியில் கல்பாக்கத்து ஒப்பந்த வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் பலர் கடையோரம் நின்று இந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு. தோற்றவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “நல்லாத்தான் ஆடினேன், சீட்டு சரியில்ல.” அவர்களில் சிலர் சொன்னது உண்மையாகவே இருக்கும். யார் அந்தச் சிலர் என்று அவர்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சட்டம் வந்தபோது எனக்கு வருத்தமில்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

குகேஷ்–அப்துசத்தோரோவ் ஆட்டம் இன்றும் இணையத்தில் கிடக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு அதை அடுக்கிக் காட்டினேன். தப்பு நடந்த நகர்த்தலில் நிறுத்தி, “நீயா இருந்தா?” என்று கேட்டேன். கால் மணி நேரம் யோசித்தாள், ராஜாவைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ராஜா ஜோடி எந்தத் தாளிலும் இல்லை. ஆறு ஜோடி வைத்திருந்தவரின் திரைப்பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது.